முகம் பார்த்து ஆடும் ஆட்டம்: புதிய கன்சோலின் மினிகேம் தொகுப்பை எதைக்கொண்டு எடைபோடுவது?

நின்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று கடைக்கு வந்தது. அன்றைக்கே நின்டெண்டோ வெளியிட்ட விளையாட்டுகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம். 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விமர்சகர்களிடம் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கியது, மெட்டாகிரிட்டிக் தொகுத்துக் கணக்கிட்ட சராசரி 97. இருவர் சேர்ந்து காகித உருவங்களை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு புதிர் விடுவிக்கும் 'ஸ்னிப்பர்கிளிப்ஸ்' 80-ஐ ஒட்டி நின்றது. 28 மினிகேம்களைக் கொண்ட '1-2-ஸ்விட்ச்' 58-ஐத் தாண்டவில்லை. மூன்றும் ஒரே கருவிக்கு, ஒரே நாளில் வந்தவை. ஆனால் புதிய கருவியால் என்ன முடியும் என்று காட்டுவதற்கென்றே உருவானது மூன்றாவதுதான். அந்த ஆண்டு ஜனவரியில் டோக்கியோவில் நடந்த அறிமுக நிகழ்ச்சியில் நிறுவனம் முதலில் எடுத்துக் காட்டிய விளையாட்டும் அதுவே.

அந்த 58 எதற்கான மதிப்பெண்? விலைக்கா, ஆழமின்மைக்கா, விமர்சகர்கள் அதை ஆடிப் பார்த்த சூழலுக்கா? பத்துப் பேர் கூடியிருக்கும் கூடத்தில் ஒரு மணி நேரம் வெடித்துச் சிரிக்க வைத்த ஒன்றை, மறுநாள் ஒருவர் தனியே உட்கார்ந்து எப்படி எடைபோடுவது? இந்தக் கேள்வி '1-2-ஸ்விட்ச்' வருவதற்கு வெகு முன்பிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. அதற்குச் சொல்லப்பட்ட பதில்களையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

முன்கதை

மினிகேம் தொகுப்பு என்ற வடிவத்தை வீடுகளில் நிலைநிறுத்தியது, ஹட்சன் சாஃப்ட் உருவாக்கி 1998 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'மாரியோ பார்ட்டி'. பரமபதம் போல ஒரு பலகை, தாயக்கட்டை உருட்டி நகர்வது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சின்ன ஆட்டம். அதன் சில ஆட்டங்களில் கட்டுப்பாட்டுக் குச்சியை உள்ளங்கையால் வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்ததால் குழந்தைகளின் கைகளில் காயம் ஏற்பட்டது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுடன் 2000-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நின்டெண்டோ கையுறை வழங்க ஒப்புக்கொண்டது. இந்த வகை ஆட்டங்கள் நடக்குமிடம் திரை மட்டுமல்ல, ஆடுபவரின் உடலும்தான் என்பதற்கு இது ஆரம்பகாலச் சான்று.

புதிய கன்சோல் வெளியாகும் நாளில் இத்தகைய தொகுப்பும் கூடவே வருவது 2001-இல் நன்றாகவே தெரிந்தது. எக்ஸ்பாக்ஸுடன் 'ஃப்யூஷன் ஃப்ரென்சி' வந்தது. கேம்கியூபுடன் வந்த சேகாவின் 'சூப்பர் மங்கி பால்' பந்துக்குள் குரங்கை உருட்டும் தனி ஆட்டம்தான்; ஆனால் பலருக்கு அதில் நினைவில் நின்றவை குரங்குகளைக் காற்றில் மிதக்கவிட்டு இலக்கில் இறக்கும் 'மங்கி டார்கெட்' போன்ற கூட்டு ஆட்டங்கள். 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஐடாய்: பிளே', கேமராவில் தெரியும் தன் உருவத்தின் கைகளாலேயே சன்னல் நுரையைத் துடைக்க வைத்தது. அதே ஆண்டு வந்த 'வாரியோவேர்' ஐந்து வினாடிக்கு ஓர் ஆட்டம் என்று 200-க்கும் மேற்பட்டவற்றை அடுக்கியது. விமர்சகர்கள் அதைக் கொண்டாடினார்கள். சின்ன ஆட்டம் என்பதாலேயே விமர்சகர்களுக்குப் பிடிக்காது என்ற வாதத்தை இந்த ஒரு உதாரணமே பலவீனமாக்குகிறது.

2006 நவம்பரில் வீ கன்சோலோடு 'வீ ஸ்போர்ட்ஸ்' வந்தது. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என ஐந்தே ஆட்டங்கள். அதற்குப் பின் வந்த தொகுப்பு எதுவானாலும் அதோடு ஒப்பிடப்படாமல் தப்பவில்லை.

உள்ளே என்ன இருந்தது

வாதங்களுக்குள் போகுமுன் '1-2-ஸ்விட்ச்' கையில் எப்படி இருக்கும் என்று சொல்லியாக வேண்டும். ஸ்விட்ச்சின் இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய ஜாய்-கான் என்ற இரு கைப்பிடிகள் உண்டு. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். நடிகர்கள் செய்துகாட்டும் ஒரு சிறு காணொளி ஓடுகிறது, பிறகு ஆட்டம். பெரும்பாலான ஆட்டங்களில் விதி ஒன்றே: திரையைப் பார்க்காதே, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்.

'குயிக் டிரா' ஆட்டத்தில் இருவரும் கௌபாய் படத்தில் வருவது போலக் கைப்பிடியை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்து நிற்கிறார்கள். 'ஃபயர்' என்ற குரல் வந்ததும் உயர்த்திச் சுட வேண்டும். யார் முந்தினார் என்பதோடு, கை எந்தக் கோணத்தில் உயர்ந்தது என்பதையும் கருவி காட்டுகிறது. இதன் உடன்பிறப்பான 'ஃபேக் டிரா'வில் அந்தச் சொல்லைப் போலவே ஒலிக்கும் வேறு சொற்களும் வந்து ஏமாற்றும். 'காக்கா பற, கொக்கு பற, மாடு பற' என்று ஆடிய யாருக்கும் இதன் சுவையை விளக்கத் தேவையில்லை.

'பால் கவுன்ட்' வேறு ரகம். கைப்பிடியை ஒரு சின்ன மரப்பெட்டியாக நினைத்துக்கொண்டு மெல்லச் சாய்க்க வேண்டும். உள்ளே எத்தனை கோலிகள் உருள்கின்றன என்பதை விரல்நுனியால் உணர்ந்து சொல்ல வேண்டும். உள்ளே கோலி ஏதும் இல்லை. எச்டி ரம்பிள் எனப்படும் நுண் அதிர்வுதான் அந்த மயக்கத்தை உண்டாக்குகிறது. பெட்டகப் பூட்டைத் திருகித் திறக்கும் 'சேஃப் கிராக்' ஆட்டமும் இதே வழி. 'மில்க்' என்ற ஆட்டத்தில் கைப்பிடியைப் பசுவின் மடிக்காம்பாகப் பிடித்து, மேலும் கீழுமாக இழுத்துப் பொத்தான்களை வரிசையாக அழுத்திப் பால் கறக்க வேண்டும், எதிரில் இருப்பவரின் கண்ணை விட்டு விலகாமல். 'ஈட்டிங் கான்டெஸ்ட்' வலது கைப்பிடியின் அகச்சிவப்புக் கேமராவை வாய்க்கு முன்னே பிடித்து, சாண்ட்விச் மெல்வது போல வாயைத் திறந்து மூடச் சொல்கிறது.

இந்த ஐந்தாறு ஆட்டங்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதைக் குறித்துக்கொள்வோம். பின்னால் இது தேவைப்படும்.

பெட்டிக்குள் வந்திருக்க வேண்டியது

மிக உரக்க ஒலித்த தரப்பு விலையைப் பற்றியது. அமெரிக்காவில் கன்சோலின் விலை 299.99 டாலர், '1-2-ஸ்விட்ச்' தனியாக 49.99 டாலர். கருவியை விளக்கும் ஒன்றுக்கு ஏன் தனிக் காசு, 'வீ ஸ்போர்ட்ஸ்' போலப் பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று விமர்சனத்துக்கு விமர்சனம் கேட்டது.

இந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பூசல் உண்டு. 'வீ ஸ்போர்ட்ஸ்' கூடவே வந்தது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். ஜப்பானில் அது தனியாகத்தான் விற்றது. அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்த ரெஜி ஃபிஸ்-எமே 2022-இல் எழுதிய தன் நூலில், உழைத்துச் செய்ததைச் சும்மா கொடுப்பதற்கு நிறுவனத் தலைவர் சதோரு இவாட்டாவும் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோவும் முதலில் உடன்படவில்லை என்றும், தான் வாதாடிப் பெற்றதாகவும் சொல்கிறார். ஆக, விமர்சகர்கள் கேட்ட கேள்வி நிறுவனத்தின் அறைக்குள்ளும் முன்பே கேட்கப்பட்டிருந்தது.

விலைத் தரப்பை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. 299 டாலர் செலவழித்த குடும்பத்துக்கு இன்னொரு 50 டாலர் சின்னத் தொகை அல்ல. வாசகரின் பணத்துக்குக் காவல் நிற்பதும் விமர்சனத்தின் கடமைதான். ஆனால் இந்தத் தரப்பு மதிப்பெண்ணை முழுமையாக விளக்குகிறதா என்று பார்த்தால் ஐயம் எழுகிறது. 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் கேமராவோடு பெட்டிக்குள்ளேயே வந்தது 'கினெக்ட் அட்வென்ச்சர்ஸ்'. தனிக் காசு இல்லை. அதன் சராசரியும் 60-ஐ ஒட்டித்தான் இருந்தது. மறுபுறம், ஜப்பானில் தனி விலைக்கு விற்ற 'வீ ஸ்போர்ட்ஸ்' 30 லட்சத்துக்கும் மேல் போனது.

'வீ பிளே' இன்னும் சிக்கலான சாட்சி. ஒன்பது சின்ன ஆட்டங்கள்; வீ ரிமோட் ஒன்றோடு சேர்த்து அமெரிக்காவில் 49.99 டாலர். ரிமோட் மட்டும் தனியே 39.99 என்பதால் ஆட்டங்களுக்கு விழுந்த விலை 10 டாலர்தான். மக்கள் 2 கோடியே 80 லட்சம் பிரதிகள் வாங்கினார்கள். விமர்சகர்களின் சராசரி 58, அதாவது '1-2-ஸ்விட்ச்' வாங்கிய அதே எண். விலை ஐந்தில் ஒன்றாக இறங்கியும் எண் அசையவில்லை.

2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தபோது 'வெல்கம் டூர்' என்ற அறிமுக விளையாட்டு 9.99 டாலருக்கு விற்கப்பட்டது. இது கூடிக் களிக்கும் தொகுப்பு அல்ல, கருவியின் உள்ளே நடந்து பார்க்கும் ஒரு கண்காட்சி. ஆனாலும் இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்ற குரல் 2017-இல் எழுந்த அளவுக்கே வலுவாக எழுந்தது. 50 டாலரானாலும் 10 டாலரானாலும் புகார் ஒன்றாகவே இருக்கிறது. தொகையைவிட, கருவியோடு ஒட்டிய ஒன்றைக் கருவியிலிருந்து பிரித்து விற்பதே உறுத்துகிறது என்று இதைப் படிக்கலாம்.

ஆழம் இல்லை

இரண்டாவது தரப்பின் வாதம் நேரானது. 'குயிக் டிரா'வை மூன்று முறை ஆடினால் அதில் தெரிந்துகொள்ள மீதி எதுவும் இல்லை. திறமை வளர்வதில்லை, உத்தி மாறுவதில்லை. பௌலிங்கில் மணிக்கட்டை எவ்வளவு திருப்பினால் பந்து எவ்வளவு வளையும் என்று பழகப் பழகத் தேர்ச்சி கூடும். பால் கறப்பதில் அது கூடாது.

இந்த அளவுகோலின் வேரை ரோஜே கையுவா 1958-இல் எழுதிய விளையாட்டு பற்றிய நூலில் தேடலாம். அவர் விளையாட்டை ஒரு நீண்ட கோடாக வரைந்தார். ஒரு முனையில் 'பைதியா': குழந்தை துள்ளுவது, வேஷம் கட்டுவது, காரணமில்லாமல் கூச்சலிடுவது. மறுமுனையில் 'லூதுஸ்': விதி, பயிற்சி, தேர்ச்சி. வீடியோ கேம் விமர்சனம் பிறந்து வளர்ந்ததெல்லாம் லூதுஸ் முனையருகே. ஆர்க்கேடுகளின் அதிகபட்சப் புள்ளிகள், கட்டங்கள், கடைசி எதிரி என்பவைதான் அதற்கு மொழி கொடுத்தன. பைதியா முனையில் நிற்கும் ஒன்றை அந்த மொழியில் பேசினால் 'இல்லை' என்ற சொல்லே திரும்பத் திரும்ப வரும்.

அதற்காக ஆழத் தரப்பு தவறு என்று முடிவுகட்டிவிட முடியாது. 'வாரியோவேர்' பைதியா முனையில் நின்றே பாராட்டு வாங்கியது. அங்கே ஒரு தனி ஆட்டத்துக்கு ஆழம் இல்லை. ஆனால் ஆட்டங்கள் மாறும் வேகம், அடுத்தது என்ன என்று தெரியாத பதற்றம், அவற்றைக் கோத்த விதம் ஆகியவற்றில் ஒரு கட்டுமானம் இருந்தது. '1-2-ஸ்விட்ச்' ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காணொளி, விளக்கம், முடிவுத் திரை என்று நிதானமாக நிற்கிறது. கூட்டம் சூடேறும் நேரத்தில் அந்த இடைவெளிகள் சூட்டைத் தணித்துவிடுகின்றன. குழுக்களாகப் பிரிந்து ஆடும் முறை ஒன்று அதில் உண்டு என்றாலும், அதுவும் இந்தக் குறையை முழுதாக நிரப்பவில்லை. இந்த இடத்தில் விமர்சகர்களின் பக்கமே நியாயம் கூடுதலாக இருப்பதாகத் தோன்றுகிறது. தொகுப்பு என்றால் ஆட்டங்களின் கூட்டுத்தொகை மட்டும் அல்ல. எதை எதன் பின்னே, எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்பதும் அதில் அடக்கம்.

கருவியைக் காட்டவே செய்தது

இது சின்னத் தரப்பு. இத்தகைய தொகுப்புகளைக் கருவியின் செய்முறை விளக்கமாகவே கொள்ள வேண்டும், முழு விளையாட்டாக மதிப்பிடக் கூடாது என்கிறது. 'பால் கவுன்ட்' வெளிக்காட்டிய நுண் அதிர்வை வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகக் கைக்கு உணர்த்தவில்லை என்பது உண்மை. ஆனால் 2020-இல் பிளேஸ்டேஷன் 5-க்குள்ளேயே இலவசமாக வந்த 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' இந்தச் சமாதானத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது. தனியாள் ஆட்டம்தான், ஆனாலும் கைப்பிடியின் ஒவ்வொரு புதுமையையும் விளக்கிக்கொண்டே நல்ல விளையாட்டாகவும் இருந்து 80-ஐத் தாண்டியது. விளக்கமாக இருப்பது மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டிய காரணம் இல்லை என்று அது காட்டிவிட்டது.

ஆட்டம் அறையில் நடக்கிறது

மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய தரப்பு இது. இதன் ஆய்வுத் தளத்தை டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர் யூல் 2009-இல் வெளிவந்த 'எ கேஷுவல் ரெவல்யூஷன்' நூலில் அமைத்தார். வீ, 'கிட்டார் ஹீரோ' போன்றவற்றை ஆராய்ந்த அவர், விளையாட்டு நிகழும் இடங்களை மூன்றாகப் பிரித்தார்: திரையின் தட்டைப் பரப்பு, திரைக்குள்ளே விரியும் முப்பரிமாண உலகம், திரைக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் நிற்கும் அறை. உடலசைவை நகலெடுக்கும் விளையாட்டுகள் கவனத்தை மூன்றாவது இடத்துக்கு நகர்த்துகின்றன என்பது அவர் வாதம். 'வீ ஸ்போர்ட்ஸ்' பௌலிங்கை நினைத்துப் பாருங்கள். திரையில் ஒரு பொம்மை உருட்டுகிறது. அறையில் பாட்டி கையை வீசுகிறார், பேத்தி கத்துகிறாள். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில்கூட வீ பௌலிங் போட்டிகள் நடந்ததற்கு அந்தத் திரைப் பொம்மையின் அழகு காரணமாக இருந்திருக்காது.

'1-2-ஸ்விட்ச்' இந்தப் போக்கை அதன் எல்லைவரை கொண்டுபோனது. யூல் சொன்ன மூன்று இடங்களில் இரண்டை ஏறக்குறைய கைவிட்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டது. அப்படியானால் திரையில் என்ன இருக்கிறது என்று தேடிய விமர்சனங்கள் தப்பான இடத்தில் தேடின என்கிறது இத்தரப்பு.

இதற்கு இன்னும் பழைய ஆதரவும் கிடைக்கும். பெர்னார்ட் டி கோவன் 1978-இல் எழுதிய 'தி வெல்-பிளேய்ட் கேம்' நூல், ஆட்டம் நன்றாக அமைவது விதிகளால் மட்டும் அல்ல, ஆடும் கூட்டத்தின் நல்லிணக்கத்தால் என்று வாதிடுகிறது. விதி பிடிக்காவிட்டால் கூட்டமே மாற்றிக்கொள்ளலாம், ஆட்டம் மனிதர்களுக்காகத்தான்.

இத்தரப்பின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கூட்டம்தான் எல்லாம் என்றால் கடையில் வாங்கியது எதற்கு? விரலைத் துப்பாக்கியாக மடித்து 'குயிக் டிரா'வைக் காசில்லாமல் ஆட முடியும். நல்ல நண்பர்கள் கூடினால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அந்த மகிழ்ச்சியைத் தயாரிப்பின் கணக்கில் வரவு வைப்பது சரியா?

இங்கேதான் முன்பு குறித்துவைத்த வேறுபாடு உதவுகிறது. விரல் துப்பாக்கியால் ஆடினால் யார் முந்தினார் என்பதில் சண்டை வரும். கைப்பிடி அதைத் துல்லியமாக அளந்து சொல்லிவிடும். இங்கே கருவி நடுவர். 'பால் கவுன்ட்' ஆட்டத்தில் கருவி இல்லாமல் ஆட்டமே இல்லை. உண்மையான பெட்டியில் உண்மையான கோலிகளைப் போட்டால் அந்த மயக்கம் இராது. 'ஈட்டிங் கான்டெஸ்ட்' ஆட்டத்தில் கருவி வாயை எண்ணுகிறது, ஆனால் சிரிப்பு வருவது முகத்தைப் பார்த்து. எண்ணிக்கை இல்லாவிட்டாலும் அது வந்திருக்கும். முதல் இரண்டில் தயாரிப்பு தன் பங்கைச் செய்கிறது. மூன்றாவதில் கூட்டத்தின் தயவில் நிற்கிறது. அறைத் தரப்பு மொத்தத் தொகுப்புக்கும் ஒரே பாதுகாப்பை விரிப்பதால் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

அதைவிட முக்கியம், திரை இல்லாத ஆட்டம் விமர்சகர்களிடம் தோற்றே தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டக்லஸ் வில்சனும் அவர் தோழர்களும் உருவாக்கிய 'யோஹான் செபாஸ்டியன் ஜௌஸ்ட்' ஆட்டத்தில் திரையே கிடையாது. ஆளுக்கொரு பிளேஸ்டேஷன் மூவ் கைப்பிடி, நுனியில் ஒளிரும் உருண்டை. பாக் இசை மெதுவாக ஒலிக்கும்போது கைப்பிடி சற்றே அதிர்ந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். இசை வேகமெடுக்கும்போது கொஞ்சம் தாராளமாக அசையலாம். மற்றவர் கையைத் தட்டிவிட வேண்டும், தன் கையைக் காக்க வேண்டும். கடைக்கு வருமுன்பே விளையாட்டு விழாக்களில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 2014-இல் 'ஸ்போர்ட்ஸ்ஃப்ரெண்ட்ஸ்' தொகுப்பில் வெளியானது. இசையின் வேகத்தோடு உடலின் தைரியத்தைப் பிணைத்த ஒரே விதி, பல இரவுகளுக்கு ஆட்டத்தைத் தாங்கியது. அறையில் நடக்கும் ஆட்டத்துக்கும் வடிவமைப்பு உண்டு, அதை மதிப்பிடவும் முடியும் என்பதற்கு இது போதுமான சான்று.

நின்டெண்டோவின் சொந்த வரலாற்றிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 2012 நவம்பரில் வீ யூ-வோடு வந்த 'நின்டெண்டோ லேண்ட்' 12 ஆட்டங்களைக் கொண்டது. விமர்சகர்களின் சராசரி 75-ஐத் தாண்டியது. அதன் 'மாரியோ சேஸ்' அடிப்படையில் ஓடிப்பிடிக்கிற ஆட்டம்தான். ஓடுபவர் கையில் இருக்கும் சிறு திரையில் மொத்த மைதானமும் துரத்துபவர்கள் இருக்கும் இடமும் தெரியும். துரத்துபவர்கள் நால்வருக்கும் தொலைக்காட்சியில் தங்கள் கண்முன் இருப்பது மட்டுமே தெரியும். மைதானம் நிறங்களால் பிரிந்திருப்பதால், ஓடுபவரைக் கண்டவர் 'மஞ்சள்ல இருக்கான், மஞ்சள்ல!' என்று கத்தியாக வேண்டும். அந்தக் கூச்சலை ஆட்டத்தின் விதியே வரவழைக்கிறது. அறையை உயிர்ப்பிப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது. கன்சோல் மொத்தம் 1 கோடியே 35 லட்சம் மட்டுமே விற்றதால், இந்த நல்ல பாடம் சிறுபான்மையினரின் வீடுகளோடு நின்றுபோனது வருத்தத்துக்குரியது.

மதிப்பெண் என்ற தராசு

ஐந்தாவது தரப்பு தொகுப்பை விட்டுவிட்டுத் தராசையே சந்தேகிக்கிறது. மெட்டாகிரிட்டிக் தன் அட்டவணையில் விளையாட்டுகளுக்கு 50 முதல் 74 வரை மஞ்சள் நிறம் தருகிறது. கலவையான வரவேற்பு என்று அர்த்தம். 58-ஐத் தோல்வி என்று படிப்பது வாசகப் பழக்கம், அட்டவணை சொன்னது அல்ல. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பதையும் அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. 'யூரோகேமர்' 2015-இல் மதிப்பெண் போடுவதையே நிறுத்தி, 2023-இல்தான் மீண்டும் தொடங்கியது. 2017-இன் சராசரிக்குள் அதன் குரல் வர வழியில்லை.

மேலும், 'கலவை' என்ற சொல்லின் பின்னே இரண்டு வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம். எல்லோரும் சுமார் என்று சொன்னாலும் 58 வரும். சிலர் பெரிதும் ரசித்து, சிலர் வெறுத்தாலும் 58 வரும். கூட்ட ஆட்டங்களில் இரண்டாவது நிலைக்கே வாய்ப்பு அதிகம், ஏனெனில் ஒவ்வொரு விமர்சகரும் ஆடியது வெவ்வேறு கூட்டத்தோடு. ஜப்பானின் 'ஃபாமிட்சு' ஒரே விளையாட்டுக்கு நான்கு விமர்சகர்களிடம் தனித்தனி மதிப்பெண் வாங்கிக் கூட்டும் முறை இந்தச் சிதறலைக் கொஞ்சம் வெளிக்காட்டும். ஆனால் அங்கும் நான்கு பேர் நான்கு தீர்ப்பு சொல்கிறார்கள். நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரு மாலையைப் பற்றி அது பேசுவதில்லை.

தராசைச் சந்தேகிப்பது சரி. அதைச் சாக்காக வைத்து எல்லா மதிப்பீட்டையும் மறுப்பது சரியல்ல. இதே தராசுதான் 'நின்டெண்டோ லேண்ட்'டையும் 'வாரியோவேர்'ஐயும் மேலே தூக்கியது.

விற்பனை தீர்த்துவைக்குமா?

விமர்சகர்கள் என்ன சொன்னால் என்ன, மக்கள் வாங்கினார்களே என்ற பதிலும் அடிக்கடி வரும். 'வீ ஸ்போர்ட்ஸ்' 8 கோடிக்கு மேல், 'கினெக்ட் அட்வென்ச்சர்ஸ்' 2 கோடிக்கு மேல். ஆனால் இவை கருவியோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்தவை. கருவியின் விற்பனையைத்தான் திருப்பிச் சொல்கின்றன. 'வீ பிளே'யின் எண்ணிக்கையில் கூடுதல் ரிமோட் தேவைப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று பிரிக்க வழியில்லை. '1-2-ஸ்விட்ச்' தனியாக விற்றதால் அதன் எண் சற்றுத் தெளிவு: 2018 மார்ச் முடியச் சுமார் 23 லட்சம். அப்போது ஸ்விட்ச் 1 கோடியே 78 லட்சம் விற்றிருந்தது. எட்டு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. புறக்கணிப்பு என்று சொல்ல முடியாத அளவு. கொண்டாட்டம் என்றும் சொல்ல முடியாது. 2023 ஜூன் 30-இல் 'எவ்ரிபடி 1-2-ஸ்விட்ச்!' வந்தது. விலை 29.99-ஆக இறங்கியது, கைபேசிகளைக் கொண்டு 100 பேர் வரை ஆடலாம் என்றானது. விமர்சகர்களின் எண் மேலே ஏறவில்லை.

இன்னும் திறந்திருப்பவை

மேலே பார்த்த ஐந்தில் எதுவும் தனியாக அந்த 58-ஐ விளக்கவில்லை. விலைத் தரப்பைக் 'கினெக்ட் அட்வென்ச்சர்ஸ்' தடுக்கிறது. ஆழத் தரப்பை 'வாரியோவேர்' தடுக்கிறது. அறைத் தரப்பை 'ஜௌஸ்ட்' தடுக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கூட்டத்தின் கூச்சலை விதி தானாக வரவழைக்கிறதா, கூட்டத்தின் நல்ல மனநிலையைக் கடன் வாங்குகிறதா என்ற வேறுபாடே பாராட்டுப் பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஓரளவு சீராகப் பிரிப்பதாகத் தெரிகிறது. 'வீ ஸ்போர்ட்ஸ்' முதல் வகை, 'வீ பிளே' பெரும்பாலும் இரண்டாவது. '1-2-ஸ்விட்ச்' இரண்டும் கலந்தது. அதன் 28-இல் முதல் வகைக்குச் சேர்பவை கொஞ்சம்தான். இதையும் ஒரு துணிபாகவே வைக்க முடியும். உதாரணங்கள் குறைவு, அவற்றில் பலவும் ஒரே நிறுவனத்தின் படைப்புகள்.

விடை கிடைக்காத பெரிய கேள்வி இரண்டாவது மாலையைப் பற்றியது. முதல் நாள் சிரித்தவர்கள் மறுவாரம் கூடும்போது அதே ஆட்டத்தை எடுத்தார்களா? மதிப்பெண் அந்தச் சிரிப்புக்கு முன்னரோ மறுநாளோ எழுதப்படுகிறது. விற்பனை எண்ணோ பெட்டி கடையை விட்டுப் போனதோடு நின்றுவிடுகிறது. வீ காலத்தில் 'நின்டெண்டோ சேனல்' என்ற சேவை, சம்மதித்தவர்களின் கன்சோல்களிலிருந்து ஒவ்வொரு விளையாட்டும் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவைச் சேகரித்து, சராசரியை எல்லோருக்கும் காட்டியது. இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்த பொதுத் தரவு அதுதான்; 2013-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. அதுவும் இயந்திரம் ஓடிய நேரத்தைத்தான் எண்ணியது. அந்த நேரத்தில் அறையில் ஒருவர் இருந்தாரா, பத்துப் பேர் இருந்தார்களா என்பது அதன் பதிவில் இல்லை.